வீட்டிலிருந்தே கலந்துகொள்ளும் ஸ்காலர்ஷிப் போட்டி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

கொரோனா தொற்றால் 2020 மார்ச்சில் எல்லாம் மூடியபின் வந்த இரண்டாவது சீசனில், 2021-ல், எழுதியது இது. இங்கே அமெரிக்காவில், எங்கள் ஊரில் பள்ளி முடிக்கப்போகும் பெண்பிள்ளைகளுக்கு நடக்கும் ஸ்காலர்ஷிப் போட்டிக்காக ஒத்திகை நேர்காணல் எடுப்பது, வீடியோக்களைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளைத் தன்னார்வலராகச் செய்துவருகிறேன். புதிதாக வரும் எல்லா வீட்டிலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்ன டிரஸ் வாங்கணும்?" அடுத்தது, "எந்தப் பாட்டுக்கு ஆடலாம்?" இரண்டும் நல்ல கேள்விகள், ஆனால் இரண்டுமே பிற்பாடு வர வேண்டியவை. இந்த வரிசை தப்பியதால் நல்ல பிள்ளைகள் கடைசி வாரத்தில் தூங்காமல் அலைவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வதெல்லாம் டிஸ்டிங்விஷ்ட் யங் விமன் போட்டியின் அமைப்பை வைத்து. அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டது, முன்பு ஜூனியர் மிஸ் என்ற பெயரில் நடந்தது. உங்கள் பெண் வேறு போட்டிக்குப் போகிறாள் என்றால் மதிப்பெண் விகிதம் மாறலாம், வரிசை அவ்வளவாக மாறாது.

1. மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள்

படிப்பு 25, நேர்காணல் 25, திறமை 25, உடற்தகுதி 15, மேடையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது 10. இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

இப்போது நன்றாகப் பாருங்கள். படிப்பும் நேர்காணலும் சேர்ந்தால் 50. இந்தப் பாதி மதிப்பெண், அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் பார்க்காத இடத்தில் முடிவாகிறது. தொற்று வந்து மேடையைத்தான் எடுத்துக்கொண்டதே தவிர, இந்தப் பாதியை அது தொடவே இல்லை. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் பத்து மணி நேரம் ஒதுக்கினால் எட்டு மணி நேரம் நடனத்துக்கும் உடைக்கும் போய்விடுகிறது. நேரத்தையும் இந்த விகிதத்திலேயே பிரியுங்கள்.

2. பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி, தகுதி எதை வைத்து? இந்தப் போட்டியில் பள்ளி முடிக்கும் ஆண்டுதான் கணக்கு. அதனால் "நோய் அடங்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைக்க முடியாது. வேறு சில போட்டிகளில் வயதுதான் கணக்கு. பதின்ம வயதுப் பெண்களுக்கான மிஸ் அமெரிக்காஸ் அவுட்ஸ்டாண்டிங் டீன் போட்டியில் 2020-ன் தேசியச் சுற்று நடக்கவே இல்லை, 2019-ல் வென்ற பெண்ணே பட்டத்தில் தொடர்ந்தார். அப்படித் தள்ளிப்போகும் போட்டி என்றால், வயது எந்தத் தேதியை வைத்துப் பார்க்கப்படும் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கட்டணம் உண்டா? இந்தப் போட்டியில் சேரக் கட்டணம் கிடையாது. வேறு எங்காவது பதிவுக் கட்டணம், விளம்பரப் பக்கக் கட்டணம், புகைப்படக் கட்டணம் என்று அடுக்கினால், நேரில் நடக்காவிட்டால் அதில் எது திரும்ப வரும் என்று கேளுங்கள்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. அறிவிக்கும் உதவித்தொகையில் எவ்வளவு ரொக்கம், எவ்வளவு கல்லூரி தருவது? ரொக்க உதவித்தொகையை அவள் சேரும் கல்லூரிக்குக் கட்டலாம். கல்லூரி தருவதோ அந்தக் குறிப்பிட்ட கல்லூரியில் சேர்ந்தால் மட்டும்தான் கையில் வரும். பத்துக் கல்லூரிகள் ஆளுக்கு ஒரு தொகை தருகிறோம் என்றால் கூட்டிப் பார்க்கப் பெரிய எண் வரும், ஆனால் ஒரு பிள்ளை ஒரு கல்லூரியில்தானே படிக்க முடியும்? அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, உங்கள் பெண் விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

3. பள்ளி ஆவணங்கள்: முதல் வாரத்திலேயே

இதைக் கடைசிக்கு வைப்பவர்கள்தான் அதிகம், ஏனென்றால் "மார்க்தான் ஏற்கெனவே இருக்கே" என்று ஒரு தெம்பு. மார்க் இருக்கிறது, ஆனால் அதைப் பள்ளி அலுவலகம் அனுப்ப வேண்டும். தொற்றுக் காலத்தில் அந்த அலுவலகமும் வீட்டிலிருந்துதான் இயங்கியது. கவுன்சலருக்கு (பள்ளியின் ஆலோசகர்) மின்னஞ்சல் போட்டு இரண்டு வாரம் காத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

மாணவர் போர்ட்டலில் தெரிகிற மதிப்பெண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் செல்லாது. பள்ளி தரும் அதிகாரபூர்வ ட்ரான்ஸ்க்ரிப்ட் (மதிப்பெண் சான்று) வேண்டும். கேட்கும்போதே எந்த முகவரிக்கு, எந்தத் தேதிக்குள் என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம் 2020 வசந்தகால மதிப்பெண்கள். பல பள்ளிகள் அந்தப் பருவத்துக்கு ஏ, பி என்று தராமல் பாஸ் என்று மட்டும் போட்டன. ஏபி தேர்வுகள் (பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடம் படிப்பவர்கள் எழுதுபவை) வீட்டிலிருந்தே எழுதும் 45 நிமிடத் தேர்வுகளாகச் சுருங்கின. கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வுகளில், சாட் மே, ஜூன் இரண்டு மாதமும் ரத்தானது, ஏப்ரல் ஏசிடி ஜூனுக்குத் தள்ளிப்போனது. படிப்பை மதிப்பிடும் நடுவர்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் உங்கள் பள்ளி என்ன செய்தது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. விளக்கம் எழுத இடம் இருந்தால் நான்கு வரியில் எழுதுங்கள்: எந்தப் பருவம், பள்ளியின் முடிவு என்ன, தேர்வு மையம் எத்தனை முறை ரத்தானது. மனக்குறை வேண்டாம், தேதிகள் போதும். தேர்வு மதிப்பெண் கட்டாயமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். கல்லூரிகள் பல விருப்பத்துக்கு விட்டுவிட்டதால் இங்கும் அப்படித்தான் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

4. அறையைத் தயார் செய்வது: ஒரு மதியம் போதும்

ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் ஜன்னல் இருந்தால் கேமரா வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கப் பார்த்து முகத்தைக் கருப்பாக்கிவிடும். எல்லோரும் செய்கிற தப்பு இது, நாற்காலியைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது.

லேப்டாப்பின் கேமரா கண் மட்டத்துக்கு வர வேண்டும். தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வையுங்கள். மேஜையில் அப்படியே வைத்தால் நடுவர்கள் கீழிருந்து மோவாயைப் பார்ப்பார்கள், அவளும் குனிந்தே பேசுவாள், குரல் அடங்கிப்போகும்.

இணையத்துக்கு வைஃபையை நம்பாமல் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுங்கள். முடியாவிட்டால் அந்த அரை மணி நேரம் தம்பியின் விளையாட்டு, அப்பாவின் அலுவலக மீட்டிங் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சமையலறைக்கும் இது பொருந்தும். நான் நடத்திய ஒரு ஒத்திகையில், அந்தப் பெண் தன் தாத்தாவைப் பற்றி அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது குக்கர் விசில் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது விசிலுக்காக அவளும் காத்திருந்தாள், நானும் காத்திருந்தேன். விசில் வரவில்லை, ஆனால் விட்ட இடத்தை அவளால் பிடிக்க முடியவில்லை. ஒத்திகை என்பதால் நஷ்டமில்லை.

பின்னணியில் வீட்டு எண், பள்ளிப் பெயர் போட்ட ஜெர்சி, தெரு தெரிகிற ஜன்னல் எதுவும் வேண்டாம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் வீடியோ எத்தனை பேர் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

5. நேர்காணல்: அதிக நாட்கள் இதற்கே

ஐந்து நடுவர்கள், பத்து நிமிடம். அவர்களிடம் இருக்கும் கேள்வித்தாள் அவள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம்தான். ஆகவே தயாரிப்பு விண்ணப்பத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், "இதைப் பற்றி ஒரு நிமிடம் பேச முடியுமா?" என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். முடியாத வரியை எடுத்துவிடலாம். பட்டியல் நீளமாக இருந்தால் நல்லது என்று மூன்று நாள் போன வகுப்பையெல்லாம் சேர்ப்பார்கள், நடுவரின் விரல் சரியாக அதில்தான் போய் நிற்கும்.

போன வருடம் ஒரு பெண், உணவு வங்கியில் தொண்டு செய்ததாக எழுதியிருந்தாள். அங்கே என்ன செய்தாய் என்று கேட்டேன். "கஷ்டப்படுறவங்களுக்கு உதவி பண்ணினோம், ரொம்பத் திருப்தியா இருந்தது" என்றாள். இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சனிக்கிழமை காலை அங்கே போய் இறங்கியதும் உன் கைகள் என்ன செய்யும் என்று மறுபடி கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: கார்கள் வரிசையில் வரும், பின்கதவைத் திறந்து பெட்டியை வைப்பது அவள் வேலை. முதல் வாரம் காருக்கு ஒரு பெட்டி வைத்தாள். பிறகுதான் தெரிந்தது, கார் இல்லாத அக்கம்பக்கத்துக் குடும்பமும் சேர்ந்து ஒரே காரில் வருகிறது என்று. அதற்கப்புறம் "எத்தனை குடும்பத்துக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தாளாம். இதுதான் பதில். இதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிட்டது, கையெல்லாம் பேசியது. விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியிலும் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும், அதைத் தோண்டி எடுப்பதுதான் பயிற்சி.

நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம்மைப் பற்றி நாமே பெரிதாகப் பேசக்கூடாது என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். அதனால் "எல்லாம் டீச்சர் செஞ்சதுதான்" என்று ஒதுங்கிவிடுவார்கள். அந்தப் பணிவை விடச் சொல்ல வேண்டாம். "நான் நல்லவள்" என்று சொல்லாமல், "நான் இதைச் செய்தேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். நடந்ததைச் சொல்வது பெருமையடிப்பது ஆகாது.

பதிலை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். திரையில் அது உடனே தெரிந்துவிடும், கண் ஒரு பக்கமாக ஓடும். பேச வேண்டிய மூன்று விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளட்டும். பேசும்போது திரையில் தெரியும் முகங்களைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்க வேண்டும், கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு வண்ணப் பொட்டை ஒட்டிவைத்தால் பழகிவிடும். ஜூமில் குரல் சற்றுத் தாமதமாகப் போகும், அதனால் கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசட்டும், இல்லாவிட்டால் நடுவரின் கடைசிச் சொல்லோடு மோதும்.

ஒத்திகை குறைந்தது மூன்று முறை, அதில் இரண்டாவது அவளுக்குத் தெரியாதவர்களோடு. பக்கத்து ஊர் நண்பர், அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர், யாராக இருந்தாலும் சரி. அம்மா அப்பா கேட்டால் பாதி பதில் நமக்கே தெரியும், அவளும் பாதியில் நிறுத்திவிடுவாள். அசல் நாளன்று பெற்றோர் அந்த அறையில் இருக்கக் கூடாது. லேப்டாப்புக்குப் பின்னால் நின்று சைகை காட்டிய அப்பாவை நடுவர்களால் பார்க்க முடியாது, ஆனால் மகளின் கண் அங்கே போவதை ஐந்து பேரும் பார்ப்பார்கள்.

6. தொண்ணூறு விநாடித் திறமை

90 விநாடிதான் வரம்பு, 85-ல் முடிவது போல் வெட்டுங்கள். வீடியோவின் முன்னும் பின்னும் ஓரிரு விநாடி சேரும்.

பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகள் இங்கே நிறைய. தில்லானாவை முதலிலிருந்து தொடங்கி 90-ல் அறுத்துவிடுவதுதான் பொதுவான தப்பு. முதல் ஒரு நிமிடம் கண், கழுத்து, தட்டு என்று மெதுவாக ஏறும், அடவுகள் நிறைந்து வரும்போது நேரம் முடிந்திருக்கும். குருவிடம் கேட்டு, நல்ல கோர்வை (அடவுகளின் தொடர்) ஒன்றும் இறுதித் தீர்மானமும் (முத்தாய்ப்பாக வரும் அடவுகள்) சேர்ந்தாற்போல் கோர்த்துத் தரச் சொல்லுங்கள். பாட்டின் வேகத்தைக் கூட்டிச் சுருக்க வேண்டாம், தாளம் தெரியாதவருக்கும் அந்த அவசரம் தெரியும். கேமராவை இடுப்பு உயரத்தில் வைத்து, அரைமண்டியில் பாதமும் தலைக்கு மேல் போகும் கையும் சட்டத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் நடந்து பாருங்கள். கார்பெட்டில் ஆடினால் தட்டு கேட்காது, கராஜின் கான்கிரீட்டில் பல முறை ஆடினால் முழங்கால் போய்விடும். கராஜில் ஒரு பலகையும் அதன் கீழ் பழைய யோகா விரிப்பும் போட்டால் இரண்டுக்கும் ஈடாகும்.

பாடுகிறவர்கள் தனியாகப் பாடிப் பதியுங்கள். ஆசிரியரோடு ஒரே அறையில் மாஸ்க் இல்லாமல் பாட வேண்டாம். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட்டில் 2020 மார்ச்சில் ஒரே ஒரு கூட்டுப்பாடல் ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள், அவர்களில் 53 பேருக்கு நோய் கண்டது அல்லது கண்டிருக்கலாம் என்று கணக்கானது, இரண்டு பேர் இறந்தார்கள். போட்டியை விட உயிர் பெரிது.

வயலின், வீணை, பியானோ நேரலையில் வாசிப்பதென்றால் ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள். ஜூம் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது, நீண்டு நிற்கும் சுரத்தை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். ஒரு பிள்ளையின் வயலினில் நீண்ட சுரம் வரும் இடமெல்லாம் மௌனமாக வந்தது, வில் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

பதிவு என்றால் ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்க வேண்டுமா என்று விதியைப் பாருங்கள். நடுவில் வெட்டி ஒட்டியது தெரிந்தால் அவளைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடக்கூடும். எத்தனை முறை எடுப்பது என்றும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நான் ஆறுக்கு மேல் போக விடமாட்டேன். ஏழாவதில் கால் சரியாக இருக்கும், முகம் செத்துப்போயிருக்கும்.

இன்னொன்று, பிறர் இசைத்தட்டுக்கு ஆடிய வீடியோவை முகநூலிலோ யூட்யூபிலோ ஒளிபரப்பினால் உரிமைச் சிக்கலில் ஒலி அடைபடலாம். அரங்கத்துக்கு வாங்கும் உரிமம் வேறு, வீடியோவுக்கு வேண்டிய உரிமை வேறு. நட்டுவாங்கத்தோடு உங்கள் குருவே பதிந்து தந்தால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும்.

7. உடற்பயிற்சிச் சுற்று

வழக்கமாக எல்லோரும் மேடையில் சேர்ந்து செய்யும் பயிற்சி இது. தொற்றுக் காலத்தில் ஒரு வீடியோ அனுப்பி, வீட்டில் கற்கச் சொன்னார்கள். வீடியோவில் செய்து காட்டுகிறவர் கண்ணாடி போலச் செய்கிறாரா, அவருக்கு இடது நமக்கும் இடதா என்று முதல் நாளே கேட்டுத் தெளியுங்கள். மாற்றிக் கற்றுவிட்டால் மூன்று வாரப் பழக்கத்தைத் திருப்புவது பெரும்பாடு. செல்ஃபி கேமராவில் பார்த்துப் பயிற்சி செய்தாலும் இதே குழப்பம் வரும்.

8. மேடைக் கேள்வியும் உடையும்

பத்து மதிப்பெண். முப்பது விநாடிக்குள் ஒரு கருத்து, அதற்கு ஒரு காரணம், சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணம். இரவு சாப்பாட்டு மேஜையில் தினமும் ஒரு கேள்வி கேட்டாலே போதும். உடையைப் பற்றி இப்போது யோசிக்கலாம். நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் திரையில் நெளியும், பளபளக்கும் ஜரிகை முகத்தின் மேல் வெளிச்சத்தை அடிக்கும். வீட்டில் இருப்பதிலேயே ஒரே நிற உடை ஒன்றைப் போட்டு, அதே நாற்காலியில், அதே நேரத்து வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள்.

9. அனுப்புவது

இங்கே தடுக்கி விழுந்தவர்கள்தான் மனதுக்குக் கஷ்டமானவர்கள். 1080பி-யில் எடுத்த 90 விநாடி வீடியோ சுமார் 100 முதல் 200 எம்பி வரும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பாகப் போகாது. அதனால் வாட்ஸாப்பில் அம்மாவுக்கு அனுப்பி, அங்கிருந்து இறக்கி, மறுபடி ஏற்றுவார்கள். வாட்ஸாப் அதை நசுக்கியிருக்கும், முகம் மங்கலாகிவிடும். போனிலிருந்து நேராக கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள்.

இணைப்பை அனுப்பிவிட்டு, வேறு ஒருவர் போனில் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் திறப்பது எல்லோருக்கும் திறக்காது, அனுமதி கேட்டு நிற்கும். நடுவர்கள் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார்கள். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பி, வந்துசேர்ந்தது என்ற பதிலை வாங்கிவையுங்கள். கெடுவின் நேரம் எந்த நேர மண்டலம் என்றும் பாருங்கள், டெக்சஸ் வீட்டில் பதினொரு மணி என்றால் நியூயார்க்கில் நள்ளிரவு.

10. பணம் வந்தால்

வென்றாலும், ஒரு பிரிவில் மட்டும் பரிசு கிடைத்தாலும், தொகையை எப்போது, எந்த ஆவணம் காட்டினால் கல்லூரிக்கு அனுப்புவார்கள் என்று உடனே கேளுங்கள். பலவற்றில் கல்லூரியில் சேர்ந்த அத்தாட்சி வேண்டும், இத்தனை ஆண்டுக்குள் வாங்க வேண்டும் என்ற வரம்பும் இருக்கும்.

கல்விக் கட்டணத்துக்கும் பாடத்துக்குக் கட்டாயமான புத்தகங்களுக்கும் செலவாகும் உதவித்தொகைக்கு வருமான வரி கிடையாது, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு உண்டு. அதனால் முதலில் கட்டணத்துக்கே ஒதுக்குங்கள்.

வெளியிலிருந்து வரும் உதவித்தொகையைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னதும் சில கல்லூரிகள் தாங்கள் தருவதாகச் சொன்ன மானியத்தில் அந்த அளவைக் குறைத்துவிடுகின்றன. மேரிலாந்து 2017-ல் தன் அரசுக் கல்லூரிகளில் இதற்குச் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, பெரும்பாலான மாநிலங்களில் அப்படிச் சட்டம் இல்லை. அந்த அலுவலகத்தைக் கூப்பிடும்போது இப்படிக் கேளுங்கள்: "வெளி உதவித்தொகை வந்தால் முதலில் கடன் பகுதியைக் குறைப்பீர்களா, மானியத்தைக் குறைப்பீர்களா?" கடன் என்றால் நல்லது. மானியம் என்றால், தொகையை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துத் தர முடியுமா என்று போட்டி நடத்துபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சேரும் கல்லூரியை முடிவு செய்யப் பெரும்பாலும் மே 1 வரை நேரம் இருக்கும், அதற்கு முன்பே இந்த இரண்டு போனையும் பேசிவிடுங்கள்.